கேட்காமல் மாற்றிய தேதி

ஒனிஹங்கா, ஆக்லாந்து
14 ஆகஸ்ட் 2016

ஜுனைதா லாத்தாவுக்கு,

அன்று பள்ளி அலுவலகத்துக்கு வெளியே நின்று, "என்கிட்ட ஒரு வார்த்தை ஏன் கேக்கல?" என்று நீங்கள் கேட்டீர்கள். நான் "சாரி லாத்தா" என்று மட்டும் சொன்னேன். சொல்லாமல் விட்டது இது: உங்கள் வீட்டுப் பெருநாளை உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் சான்ட்ரிங்ஹாம் வீட்டின் பின்னறையில் நாலரை வருடம் இருந்தேன். அக்காவை லாத்தா என்று கூப்பிடுவதுகூட நாகூரிலிருந்து உங்கள் தங்கைகள் ஃபோனில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். தனியாக இங்கே வீடு பார்த்து வந்த பிறகும் நான் அந்த வீட்டுக்குள் இருப்பவள் என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடந்துபோன அந்த இடத்தில் நின்று இதைச் சொல்ல வாய் வரவில்லை.

நடந்ததை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், எனக்காகவும். டேர்ம் கடைசி வாரம், புதன்கிழமை காலை, பள்ளி நிகழ்ச்சி. நான் பாடம் நடத்தும் வகுப்பிலிருந்து நம் ஹஃப்ஸாதான் மேடையேறி மாவோரியிலும் ஆங்கிலத்திலும் வரவேற்புச் சொல்வதாக இருந்தது. கோதண்டராமன் கடையில் பருப்பு வாங்கப் போனபோது சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினேன். ஜூலை 6, புதன், ரம்ஜான் என்று சிவப்பில் போட்டிருந்தது. மறுநாளே முதல்வர் மிஸஸ் ஹென்ட்ரியிடம் போய் நின்றேன். அவர் தயங்காமல் நிகழ்ச்சியை வியாழனுக்கு மாற்றினார். எல்லா வீடுகளுக்கும் அறிவிப்புப் போனது. செவ்வாய் மாலை பிறை தெரியவில்லை. பெருநாள் வியாழனுக்கே, நிகழ்ச்சி நாளுக்கே போனது.

தமிழ்நாட்டில் அச்சடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு நியூசிலாந்து வானத்துக்குத் தேதி சொன்னேன். மிஸஸ் ஹென்ட்ரியிடம் தவறு என்னுடையது, உங்களுடையது அல்ல என்று அன்றே சொல்லிவிட்டேன். அதை நீங்கள் அறிய வேண்டும்.

இரண்டு வாரத்தில் நீங்கள் தெற்கே வீடு மாறிப் போய்விட்டீர்கள். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். ஹஃப்ஸா எப்படி இருக்கிறாள்?

அன்புடன்,
சுரேகா


இன்வர்கார்கில்
4 செப்டம்பர் 2016

சுரேகாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஹஃப்ஸா வாப்பாதான், "எழுதிப்புடு புள்ள, இல்லாட்டி அதையே நெனச்சுக்கிட்டு ஆணம் காச்சுவே, உப்பு கூடிப்போவும்" என்றார். இரண்டு நாள் உப்பு கூடித்தான் போனது.

உன்னைப் போல எனக்கு எழுத வராது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

தேதி தப்பானதில் எனக்குக் கோபம் இல்லை. தப்பு யாருக்கும் வரும். ஆனால் உனக்கு வந்ததுதான் வேடிக்கை. பெருநாள் நாளைக்கா மறுநாளா என்று தெரியாமல், இறைச்சியை ஊற வைப்பதா வேண்டாமா என்று நான் ஒவ்வொரு வருஷமும் திண்டாடுவேன். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வெங்காயம் உரித்தவள் நீ. போயும் போயும் மளிகைக் கடைக் காலண்டரையா நம்பினாய்?

என் கோபம் வேறு. அந்தப் பள்ளியில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மைதானத்தில் சாஸேஜ் சுட்டுக் கொடுக்கும் நாளில் எங்கள் ஹலால் சாஸேஜை வீட்டிலேயே சுட்டு டப்பாவில் கொடுத்து அனுப்புவேன். நீச்சல் வகுப்புக்கு முழுக்கையும் நீளக்காலுமாக உடுப்பை நானே தைத்தேன். பெருநாளுக்கு லீவு சொல்லும்போதுகூடக் குடும்ப விசேஷம் என்பேன், அவ்வளவுதான். எங்களால் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். புதன்கிழமை காலையில் மறுநாளுக்கு லீவு சொல்லப் போனால், முதல்வர் அம்மா சிரித்த முகத்தோடு, "உங்களுக்காகத்தானே மாற்றினோம்" என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்காத ஒன்றுக்கு நன்றி சொல்லி, செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அங்கே நீ நின்றாய்.

வீட்டு ஆள் என்று எழுதியிருக்கிறாய். வீட்டு ஆள் சமையலறைக்கு வந்து கேட்டிருப்பாள். நீ அன்றைக்கு டீச்சராக இருந்துதான் முடிவு பண்ணினாய்.

ஹஃப்ஸா நன்றாக இருக்கிறாள். குளிர் தாங்கவில்லை.

ஜுனைதா


ஒனிஹங்கா
20 நவம்பர் 2016

லாத்தா,

வீட்டு ஆள் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தே இத்தனை நாள் போய்விட்டது. பழைய நாட்களைப் பற்றி எழுத மட்டும் ஆசையாக இருக்கிறது.

போன சனிக்கிழமை சான்ட்ரிங்ஹாம் போயிருந்தேன். கால்கள் தாமாக உங்கள் தெருவுக்குத் திரும்பின. வீட்டில் யாரோ குடிவந்து முன்கதவுக்கு நீலம் அடித்திருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்று அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோன்பு காலத்து ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் தெரு இருட்டிவிடும். டவுனிலிருந்து வரும் பஸ்களின் விளக்கு அந்தக் கண்ணாடியில் ஓடும். ஹஃப்ஸா கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, "நௌ? நௌ?" என்று கேட்டபடி இருப்பாள். அரை நோன்பு வைத்து மதியமே சாப்பிட்டுவிட்ட நாளிலும் அந்தப் பழத்துக்காக அப்படி நிற்பாள். ஹஃப்ஸா வாப்பா வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றாமலே உட்காருவார். எனக்கென்று இறைச்சி போடாத கஞ்சியைச் சின்னச் சட்டியில் தனியாக வைத்திருப்பீர்கள். வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதல் வருடம் முதல் நாளே அது அடுப்பில் இருந்தது. கேட்காமலே செய்வதுதான் அன்பு என்று உங்கள் அடுப்பைப் பார்த்துத்தான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ. குற்றம் சாட்டவில்லை லாத்தா, யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் அடிக்கடி நினைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் மிஸஸ் ஹென்ட்ரியிடம் பேசி, நோன்பு வைக்கும் பிள்ளைகள் மதிய இடைவேளையில் நூலகத்தில் இருக்கலாம் என்று ஏற்பாடு செய்தேன். மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வெளியே குளிரில் உட்கார வேண்டாமே என்று. ஆறேழு பேர் வருவார்கள். வெளியே மழை, உள்ளே ஹீட்டர். நான் உரக்கப் படிப்பேன். ஒருநாள் கதையில் பெரிய விருந்து வந்தது. ஒரு சோமாலிப் பையன் கை தூக்கி, சாப்பாட்டுக் கதை கேட்டால் நோன்பு முறியுமா என்றான். ஹஃப்ஸா என்னை முந்திக்கொண்டு, "விழுங்கினால் மட்டும்தான்" என்றாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. ஆசிரியராக எனக்கு மிகவும் பிடித்த நேரம் எது என்று கேட்டால் அந்த மூன்று வருடத்து மதியங்களைத்தான் சொல்வேன்.

அவளுக்குத் தனியாக ஒரு அட்டை அனுப்பினேனே, வந்ததா? பதில் வரவில்லை.

சுரேகா


இன்வர்கார்கில்
19 பிப்ரவரி 2017

சுரேகா,

அட்டை வந்தது. பிரித்துப் பார்த்தாள். புத்தக அலமாரியில் வைத்திருக்கிறாள். உனக்கு எழுதச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். ஏன் என்று இரண்டு மாதமாகக் கேட்டு, போன வாரம்தான் வாயைத் திறந்தாள்.

நிகழ்ச்சிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, அவள் பள்ளிக்கு வந்தாள் அல்லவா. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "உனக்காகத்தான் மாத்தினாங்க, நீயே வரலையே" என்றார்களாம். ஒரு பெண்ணின் அப்பா புதன்கிழமைக்கென்று லீவு எடுத்திருந்தாராம், வியாழன் வர முடியவில்லையாம். அந்தப் பெண் அழுதாளாம். ஹஃப்ஸாவுக்காக என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீதான் வகுப்பில் சொன்னாயாம், ஹஃப்ஸா தன் பெருநாளையும் கொண்டாடிவிட்டு மேடைக்கும் வரலாம், அதனால் தேதியை மாற்றியிருக்கிறோம் என்று. எல்லோரும் கைதட்டினார்களாம். அவளுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்ததாம்.

நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். எனக்குத் தெரிகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைத் தூக்கிச் சுமப்பது எப்படி என்று தெரியவில்லை.

இங்கே வகுப்பில் இவள் ஒருத்திதான் முஸ்லிம். பள்ளியில் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. கோடையில் இங்கே ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது. தூங்க வைப்பதே பெரும் பாடு. காற்று ஆளைத் தள்ளுகிறது.

உன் கஞ்சிச் சட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். அது கேட்காமல் செய்ததல்ல. நீ குடிவந்த அன்றே உன் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, இந்தப் பிள்ளை என்ன சாப்பிடும், என்ன சாப்பிடாது என்று கேட்டேன். உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜுனைதா


ஒனிஹங்கா
12 மார்ச் 2017

லாத்தா,

அம்மாவிடம் கேட்டேன். ஆமாம் என்றாள். "நல்ல பொம்பளைடி அவங்க, முட்டை போட்ட கேக் குடுக்கலாமான்னுகூடக் கேட்டாங்க" என்றாள். இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தில் கண்காணிப்பு என்னுடையதுதான். ஹஃப்ஸாவைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பெருநாள் எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள் போலும் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் என்னோடு மறுபடி பேசினால் போதும் லாத்தா. அவளை வற்புறுத்த வேண்டாம். நான் இருக்கிறேன்.

சுரேகா


இன்வர்கார்கில்
7 ஜூன் 2017

சுரேகா,

நோன்பு தொடங்கிவிட்டது. இங்கே நோன்பு ஆபீஸ் நேரம் மாதிரி. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்துத் தொழுதுவிட்டுப் பார்த்தாலும் வெளியே இருட்டுதான். எட்டரைக்குத்தான் சூரியன். ஐந்து மணிக்கு நோன்பு திறந்துவிடலாம். நாகூரில் என் தங்கை வெயிலில் வாடிக்கொண்டு, "இதுக்குப் பேரு நோன்பா லாத்தா, சாப்பிட மறந்துட்டீங்கன்னு சொல்லுங்க" என்று கிண்டல் பண்ணுகிறாள். பகல் சின்னதுதானே என்று ஹஃப்ஸா முழு நோன்பு கேட்டாள். கடமை இல்லாத வயதுதான், ஆனால் அவளே கேட்டாள். சரி என்றேன்.

நேற்று அவள் பையைத் திறந்தால் உள்ளே ரொட்டி, இரண்டு ஆப்பிள், ஒரு பெட்டி சீரியல், பால். இது ஏது என்றேன். பள்ளியில் கொடுத்தார்கள் என்றாள். அதற்குள் அவள் வாப்பாவுக்குப் பள்ளியிலிருந்து ஃபோன். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா, சிரமம் ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், பல குடும்பங்களுக்கு உதவுகிறோம் என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார்களாம். பிள்ளை ஒரு வாரமாகச் சாப்பாட்டு டப்பா இல்லாமல் வருகிறாள், கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள், அதனால் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பசித்த பிள்ளையைப் பார்த்தும் பேசாமல் இருந்தால்தான் குற்றம்.

யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று இருந்த நான் இப்போது பிள்ளைக்குச் சோறு போடாதவளாகிவிட்டேன்.

நோன்பு என்று டீச்சரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று அவளைக் கேட்டேன். "சொன்னா எதையாவது மாத்துவாங்க, உம்மா" என்றாள்.

போய்ப் பேசத்தான் வேண்டும், ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? உனக்கு இதெல்லாம் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பு. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். கேட்கிறேன், பார். நானே கேட்கிறேன்.

ஜுனைதா லாத்தா


ஒனிஹங்கா
11 ஜூன் 2017

லாத்தா,

உங்கள் கடிதம் வந்த மாலையே எழுத உட்கார்ந்தேன். மதிய இடைவேளையில் நூலகம் வேண்டும், விளையாட்டு வகுப்பில் ஓட விட வேண்டாம், பெருநாளை ஒட்டித் தேர்வோ பயணமோ வைக்க வேண்டாம் என்று அரைப் பக்கம் வேகமாக ஓடியது. எனக்கு இது கைவந்த வேலை. பிறகு அவள் உங்களிடம் சொன்னதை மறுபடி படித்தேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

எழுதித் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் முதலில் செய்யுங்கள். பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் எங்கே இருக்க அவளுக்குப் பிடிக்கும், யாருக்கு என்ன தெரிந்தால் போதும் என்று அவளிடமே கேளுங்கள். நீங்களோ நானோ மிஸஸ் ஹென்ட்ரியோ, அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. அவள் என்ன சொன்னாலும் அப்படியே எனக்கு எழுதுங்கள். எனக்குப் பிடிக்காது என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.

சுரேகா


இன்வர்கார்கில்
20 ஜூன் 2017

சுரேகா,

கேட்டேன். விட்டுவிட வேண்டாம் என்று எழுதினாய், அதனால் விடாமல் எழுதுகிறேன்.

நூலகம் வேண்டாம் என்றாள். ஆக்லாந்தில் மூன்று வருஷமும் பிடிக்கவே இல்லையாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் தோழிகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்களாம். நோன்பு முடிந்து திரும்பிப் போனால் அவர்களுக்குள் புது விளையாட்டு, புது ஜோடி எல்லாம் அமைந்துவிட்டிருக்குமாம். அப்புறம் ஏன் போனாய் என்றேன். "மிஸ் ரொம்ப ஆசையா படிப்பாங்க" என்றாள். உன் மனசு நோகக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வயதிலிருந்து.

இது உனக்கு வலிக்கும் என்று தெரியும். நீ படித்த கதைகளை அவள் மறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெளியே இருக்கத்தான் விரும்பினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாகப் பள்ளிக்குப் போனோம். கடிதம் தேவைப்படவில்லை. ஹஃப்ஸாவே பேசினாள். எல்லோரோடும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், சாப்பிட மாட்டேன், மணி அடித்ததும் விளையாடப் போவேன், பெருநாளுக்கு வர மாட்டேன், எதையும் மாற்ற வேண்டாம். இவ்வளவுதான். மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது உனக்குக் கஷ்டமாக இருக்காதா என்று இந்தப் பள்ளி முதல்வர் கேட்டார். "கஷ்டமாத்தான் இருக்கணும்" என்றாள். அவர் எங்களைப் பார்த்தார். அவள் வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

சீரியல் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வைத்துக்கொண்டேன். கர்வம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஜூலை லீவில் வா. இங்கே பின்னறை கிடையாது, ஹாலில்தான் படுக்க வேண்டும். ஹஃப்ஸாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வரட்டும் என்றாள்.

லாத்தா


ஒனிஹங்கா
23 ஜூலை 2017

லாத்தா,

வந்து சேர்ந்தேன். கட்டிக் கொடுத்த சோற்றை விமானத்திலேயே சாப்பிட்டுவிட்டேன். நாளை பள்ளி தொடங்குகிறது.

உங்கள் ஜூன் கடிதம் வந்தபோது நோன்பு முடிய இரண்டு பள்ளி நாள்தான் இருந்தது. அந்த இரண்டு நாளும் எங்கள் பள்ளியில் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டேன். இரண்டு பேர் நூலகம்தான் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் நான் கேட்டு முடிக்கும் முன்பே வெளியே ஓடிவிட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் வாசித்தேன். உங்களிடம் நேரில் சொல்ல நினைத்து, பேச்சு எங்கெங்கோ போய் விட்டுப்போயிற்று.

நேற்று நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது ஹஃப்ஸாவிடம் மன்னிப்புக் கேட்டேன், வகுப்பில் அப்படிச் சொன்னதற்கும், நூலகத்துக்கும். அவள் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். நிமிராமல், "ஓகே" என்றாள். இன்னொரு கோடு இழுத்துவிட்டு, லைப்ரரி அவ்வளவு மோசமில்லை, சில நாள் நன்றாக இருந்தது என்றாள், ஆங்கிலத்தில்.

இன்று காலை விமான நிலையத்துக்கு அவள் வராததற்குக் காரில் வழிநெடுக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தீர்கள். வேண்டாம் லாத்தா. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது ஹாலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்புத் தோழி வீட்டில் பிறந்தநாள், பதினொரு மணிக்கு, வழியனுப்ப வரட்டுமா, அங்கே போகட்டுமா என்று கேட்டாள். உனக்கு எது வேண்டும் என்றேன். பிறந்தநாள் என்றாள். போய்விட்டு வா என்றேன். போனாள்.

சுரேகா